வேலை போச்சு, பில் நிக்கலை: எதை முதலில் கட்டணும், எது காத்திருக்கும்?

சம்பளம் நின்ற வீட்டில் முதலில் மாறுவது செல்போன் சத்தம்தான். 5-ம் தேதி இஎம்ஐ பவுன்ஸ் ஆனால், 6-ம் தேதியில் இருந்தே அழைப்புகள் ஆரம்பிக்கும். கிரெடிட் கார்டு, பர்சனல் லோன், ஆப் மூலம் வாங்கிய சின்னக் கடன் என்று ஒரு நாளைக்குப் பத்து போன் வரும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து, கையில் இருக்கும் கடைசிப் பணத்தை யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுக்கே பல குடும்பங்கள் கட்டிவிடுகின்றன. பெரும்பாலும் அது தப்பான வரிசை.

இப்படித் துரத்தும் கடன்களில் பலவற்றுக்கு அடமானம் கிடையாது. கடன் கொடுத்தவர் வீட்டையோ நகையையோ உடனே எடுத்துக்கொண்டு போக முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போன். நிஜமான சேதம் செய்பவை சத்தமே போடாது. காலாவதியாகும் மருத்துவக் காப்பீடு, கவனிக்காமல் விட்ட நகைக்கடன் நோட்டீஸ், விண்ணப்பிக்காமல் விட்ட இஎஸ்ஐ உதவித்தொகை, யோசிக்காமல் போட்ட ராஜினாமா கையெழுத்து எல்லாம் அந்த ரகம். இவற்றுக்காக யாரும் போன் செய்து ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய கதை இல்லை. 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது. 2022-ல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றது. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் உலக அளவில் தனது ஊழியர்களில் சுமார் 2 சதவிகிதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அடுத்த மாதமே அமெரிக்க வரி 50 சதவிகிதமாக உயர, திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆர்டர் இல்லாமல் திணறின. ஆலை மூடுவது அன்றைய தலைப்புச் செய்தி. மூன்றாவது மாதம் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பது செய்தியில் வராது.

ராஜினாமா எழுதிக் கொடுக்கலாமா?

வேலையை விட்டு அனுப்பும்போது பல நிறுவனங்கள் பணிநீக்க உத்தரவு தருவதில்லை. "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, ரெக்கார்டு சுத்தமா இருக்கும், அடுத்த கம்பெனியில பிரச்னை வராது" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கேட்க நல்லதுக்குச் சொல்வது போலவே இருக்கும்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் ராஜினாமா வேறு, ஆட்குறைப்பு வேறு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. எட்டு வருஷம் வேலை பார்த்தவருக்கு இது 120 நாள் சம்பளம். பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பிலும் தொடர்கிறது. தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது.

இன்னும் இருக்கிறது. இஎஸ்ஐ தரும் வேலையிழப்பு உதவித்தொகை, விருப்ப ஓய்வில் போனவர்களுக்குக் கிடையாது. வீட்டுக்கடனோடு சேர்த்து விற்கப்படும் காப்பீடுகள் சிலவற்றில் வேலை போனால் சில மாத இஎம்ஐ கட்டும் வசதி இருக்கும். அதுவும் நிறுவனமே நீக்கினால்தான். கடன் வாங்கும்போது நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து போட்டதால், அப்படி ஒரு பாலிசி தன் பெயரில் இருப்பதே பலருக்குத் தெரியாது. கடன் ஆவணங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வீண் போகாது.

"நான் ஐடி, எனக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது" என்பது பரவலான நம்பிக்கை. அது சரியில்லை. ஐடி நிறுவனங்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்தியது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள், ரூ.18,000-க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்கள் 'தொழிலாளி' வரையறைக்குள் வர மாட்டார்கள். பதவியின் பெயர் 'மேனேஜர்' என்று இருப்பது மட்டும் போதாது, உண்மையில் என்ன வேலை பார்த்தார் என்பதுதான் கணக்கு.

மிரட்டி எழுதி வாங்கிவிட்டார்கள் என்றால்? அன்றே, அல்லது அடுத்த நாளே, "கட்டாயத்தின் பேரில் எழுதியது" என்று நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பி, தொழிலாளர் துறையில் புகார் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கஷ்டம். ஹெச்ஆர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடக் கூடாது. அலுவலக மெயில் ஐடி முடக்கப்படும் முன் சம்பள ரசீது, நியமனக் கடிதம் எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கைக்கு வர வேண்டிய பணம் எவ்வளவு?

கட்ட வேண்டியதைக் கணக்குப் போடும் முன் வர வேண்டியதைக் கணக்குப் போட வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

நிலுவைச் சம்பளம்: ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, நீக்கினாலும் சரி, ராஜினாமா செய்தாலும் சரி, பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாள்களில் தர வேண்டும். "செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும்" என்பது நிறுவனங்களின் பழக்கம், சட்டம் இல்லை.

கிராஜுவிட்டி: ஐந்து ஆண்டு முடித்தவர்களுக்கு உண்டு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்குப் புதிய சட்டப்படி ஓராண்டே போதும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து ரூ.15,000, பணிக்காலம் எட்டு ஆண்டு என்றால், 15,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்க வேண்டும். சுமார் ரூ.69,230 வரும். 30 நாள்களுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டியோடு.

இஎஸ்ஐ: அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். மாதம் ரூ.21,000 வரை ஊதியம் வாங்கி, இஎஸ்ஐ பிடித்தம் இருந்தவர்களுக்கு 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்ற திட்டம் 2018-ல் வந்தது. வேலை போனால் சராசரி தினசரி ஊதியத்தில் 50 சதவிகிதம், அதிகபட்சம் 90 நாள்களுக்கு, வாழ்நாளில் ஒருமுறை. மாதம் ரூ.18,000 வாங்கியவருக்கு நாளுக்குச் சுமார் ரூ.300, மொத்தம் ரூ.27,000 வரை. காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், இப்போதைய நிலையை இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். விண்ணப்பத்தைத் தொழிலாளியே இணையத்தில் போடலாம், முதலாளி தயவு தேவையில்லை.

ஆலை மூடல், ஆட்குறைப்பு என்றால் 'ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா' என்ற இன்னொரு திட்டம் இருக்கிறது. 2005 முதல் இருப்பது. முதல் 12 மாதம் ஊதியத்தில் 50 சதவிகிதம், அடுத்த 12 மாதம் 25 சதவிகிதம். 24 மாதம் என்பது ஒரு குடும்பம் தலைநிமிரப் போதுமான காலம். ஆனால் கையில் இருப்பது ராஜினாமா கடிதம் என்றால் இங்கே பேச்சுக்கே இடமில்லை.

வேலை போன அன்றே இஎஸ்ஐ மருத்துவமனைக் கதவு மூடிவிடாது என்பதும் முக்கியம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குக் குறையாமல் பங்களிப்பு இருந்தால், அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை சிகிச்சை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலை போன கையோடு இஎஸ்ஐ கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரசவத்துக்குத் தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டுவது தேவையில்லாத செலவு.

பிஎஃப்: வேலை போய் ஒரு மாதத்தில் 75 சதவிகிதம், இரண்டு மாதத்தில் மீதி என்பது 2018 முதல் இருந்த விதி. 2025 அக்டோபரில் பிஎஃப் அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது. அதன்படி 75 சதவிகிதத்தை வேலை போனதுமே எடுக்கலாம், மீதி 25 சதவிகிதம் 12 மாதம் வேலையில்லாமல் இருந்தால்தான். ஐந்து ஆண்டுக்குள் எடுத்தால் வரி பிடிப்பார்கள். நிறுவனம் தொழிலையே மூடியதால் வேலை போனவர்களுக்கு அதிலும் விலக்கு இருக்கிறது.

பிஎஃப் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. அந்தப் பணத்தைக் கடன் பாக்கிக்காக எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது என்று பிஎஃப் சட்டத்தின் 10-வது பிரிவு பாதுகாக்கிறது. ஆனால் அதே பணம் சம்பளக் கணக்கில் வந்து விழுந்து, அதே கணக்கில் மூன்று இஎம்ஐக்கு ஆட்டோ டெபிட் போட்டிருந்தால், மறுநாள் காலையில் பாதிப் பணம் போயிருக்கும். பத்து வருஷச் சேமிப்பு, யாரும் கேட்காமலே பர்சனல் லோனுக்கும் கிரெடிட் கார்டுக்கும் போய்விடும். கடன் எதுவும் இல்லாத வங்கிக் கணக்கைப் பிஎஃப்-க்குக் கொடுத்து, கேஒய்சி சரிசெய்த பிறகு விண்ணப்பிப்பதில் சட்டத் தடை எதுவும் இல்லை.

மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகை பற்றியும் சிலர் கேட்பதுண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருப்பவர்களுக்கான திட்டம் அது. பட்டதாரிக்கு மாதம் ரூ.600. ஒரு கேஸ் சிலிண்டருக்குக்கூட அது போதாது.

எந்த பில்லைத் தள்ளிப்போடக் கூடாது?

முதலில் வீடு. வாடகைதாரர் என்றால், தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றம் போகலாம். அதாவது முதல் மாதமே பெட்டியைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் உரிமை இல்லை. அட்வான்ஸில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்தால் இரண்டு மூன்று மாதம் மூச்சு விடலாம். இதை நேரில் கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இது இல்லை. ஒத்துக்கொண்டால் அதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கரண்ட் பில்: மின்சாரச் சட்டம் 2003-ன் 56-வது பிரிவுப்படி இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். வேலை போனவர் பகலெல்லாம் வீட்டில் இருப்பதால் மின்விசிறியும் டிவியும் கூடுதலாக ஓடும். வருமானம் நின்ற மாதத்தில் கரண்ட் பில் ஏறுவது இதனால்தான்.

மருத்துவக் காப்பீடு: கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, உடனே கேட்க வேண்டும். சொந்தமாக ஆண்டு பிரீமியம் கட்டுபவர்களுக்கு 30 நாள் சலுகைக் காலம். அதைத் தாண்டினால் பல வருஷமாகக் காத்திருந்து பெற்ற, பழைய நோய்களுக்கான பாதுகாப்பும் போகும். எல்ஐசி பாலிசி அப்படி இல்லை. நின்றுபோனாலும் ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். ஆகவே இரண்டில் ஒன்றுதான் கட்ட முடியும் என்றால் மருத்துவக் காப்பீடு முந்த வேண்டும். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்கள் வருமானச் சான்றோடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும்.

பள்ளிக் கட்டணம்: பாக்கிக்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது மனரீதியான துன்புறுத்தல். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி இல்லை என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. எட்டாம் வகுப்பு வரை டிசி வரவில்லை என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது. ஆண்டின் நடுவில் பள்ளி மாற்றுவது பெற்றோருக்கு வலிக்கும். ஆனால் பத்து வட்டிக்கு வாங்கி டெர்ம் ஃபீஸ் கட்டுவதைவிட அது மோசமான முடிவு இல்லை.

கௌரவம் பார்த்து வாங்காமல் விட்ட ரேஷன் அரிசியையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

இஎம்ஐ கட்டலைன்னா என்ன நடக்கும்?

ஒரு தவணை தவறினால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு பக்கம் என்று பவுன்ஸ் கட்டணம் விழும். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். இந்த 90 நாள்தான் முக்கியமான அவகாசம். அதற்குள் கிளைக்குப் போய், பணிநீக்கக் கடிதத்தின் நகலோடு, தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படியோ சில மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதிக்கும்படியோ எழுத்தில் கேட்கலாம். வங்கி கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. கடன் மறுசீரமைப்பு செய்தால் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் பதிவாகும். ஆனாலும் வாராக்கடன் ஆன பிறகு கேட்பதற்கும் முன்பே கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கால நீட்டிப்பு என்றால் வட்டி நிற்கும் என்று நினைக்கக் கூடாது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் இஎம்ஐ தள்ளிவைக்கப்பட்டபோது பலர் ஏமாந்தது இதில்தான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்பதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

வீட்டுக்கடன் வாராக்கடன் ஆனால் சர்ஃபாசி சட்டம் வரும். முதலில் 60 நாள் நோட்டீஸ். அதற்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். வீட்டைச் சுவாதீனம் எடுக்க நடவடிக்கை வந்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏலத்துக்கு முன் தனியாக நோட்டீஸ் உண்டு. மொத்தத்தில் ஒரு தவணை தவறியதும் வீடு போய்விடாது, மாதங்கள் ஆகும். ஆனால் ஒவ்வொரு நோட்டீஸுக்கும் ஒரு கெடு ஓடுகிறது. தபால்காரர் கொண்டுவரும் பதிவுத் தபாலை வாங்க மறுத்தால் கெடு நிற்காது.

கிரெடிட் கார்டு வேறு மாதிரி. ரூ.60,000 பாக்கி, மாத வட்டி 3.5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் கணக்கில் மூணரை வட்டி. மினிமம் டியூ 5 சதவிகிதம் என்றால் ரூ.3,000. அதில் வட்டிக்கு ரூ.2,100, வட்டி மேல் ஜிஎஸ்டி ரூ.378. அசலில் குறைவது ரூ.522 மட்டும். வேலை இல்லாத மாதத்தில் மளிகைக் கடைக்கு வைத்திருந்த மூவாயிரத்தை எடுத்து இதைக் கட்டினால், அந்த வீட்டில் அரிசியும் குறையும், கடனும் குறையாது. புதிதாகத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, வட்டி குறைந்த இஎம்ஐயாக மாற்றித் தர முடியுமா என்று கேட்பது இதைவிட உருப்படியானது.

பைக் லோன் தொகை சின்னது, ஆனால் வரிசையில் முன்னால் வர வேண்டியது. ஆலை வேலை போனவர்களில் பலர் அடுத்த வாரமே உணவு டெலிவரிக்கோ பைக் டாக்ஸிக்கோ போகிறார்கள். அந்த வண்டிதான் அடுத்த வேலை. ஒப்பந்தப்படி நோட்டீஸ் இல்லாமல் நடுரோட்டில் ஆள் வைத்துச் சாவியைப் பிடுங்குவது சட்டம் அனுமதிக்கும் வழி இல்லை. வசூலுக்குக் குண்டர்களைப் பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது.

'செட்டில்மென்ட்' பேச்சிலும் கவனம் தேவை. ஒரு லட்சம் பாக்கிக்கு நாற்பதாயிரம் கொடுத்து முடித்தால், கிரெடிட் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வேறு வழியே இல்லாவிட்டால் செய்யலாம். நிறுவனத்தின் முத்திரையோடு கடிதம் வந்த பிறகுதான் பணம், ஏஜென்ட்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

நகையும் தண்டலும்

பெரும்பாலான வீடுகளில் முதலில் வெளியே போவது நகை. தப்பில்லை. வங்கி நகைக்கடன் வட்டி, கார்டு வட்டியோடு பார்த்தால் மிகக் குறைவு. பிரச்னை அது முதிரும் தேதியில் இருக்கிறது. ஓராண்டு முடிந்து, வட்டி கட்டாமல், வீடு மாறியதால் நோட்டீஸும் கைக்கு வராமல் ஏலம் போன நகைகள் ஏராளம். முகவரி மாறினால் முதலில் சொல்ல வேண்டிய இடம் நகைக்கடன் கிளை. ஏலம் போனாலும் கடனுக்கு மேல் வந்த மிச்சப் பணம் அடகு வைத்தவருக்கே சொந்தம். கேட்காமல் விட்டுவிடுபவர்கள் உண்டு.

நகை தீர்ந்த பிறகு வருவது தண்டல். ரூ.10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள். கேட்கச் சின்னதாகத் தெரியும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 100 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. சம்பளம் இல்லாத வீட்டில், பழைய இஎம்ஐயைக் கட்ட இந்தப் பணத்தை வாங்குவதுதான் மீள முடியாத இடம். பதினான்கு வட்டிக் கடன் ஒன்றை அடைக்க நூறு வட்டிக் கடன்.

அதிக வட்டி வசூலிப்பதைத் தடுக்க தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டி தடைச் சட்டம் வந்தது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிப் புகாரோடு போன ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தில் நான்கு உயிர்கள் போயின. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டம் வந்தது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டுவது, பின்தொடர்வது, பொருளையும் ஆவணங்களையும் பிடுங்குவது எல்லாம் அதில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வசூல் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தால்?

ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் என்றால் நேரம் இன்னும் குறுகல், காலை 9 முதல் மாலை 6 வரைதான். உறவினர், பக்கத்து வீடு, பழைய அலுவலகம் என்று சொல்லி மானத்தை வாங்குவதும் விதிமீறல். கடன் ஆப்கள் செல்போனில் உள்ள தொடர்பு எண்களை எடுக்கவே அனுமதி இல்லை.

நேரம், எண், பேசியது ஆகியவற்றைக் குறித்து வைத்து, முதலில் அந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்துக்கே எழுத வேண்டும். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கையை நீட்டினாலோ வீட்டுக்குள் புகுந்தாலோ அது வங்கி விவகாரம் இல்லை. 100-க்கு அழைக்க வேண்டிய விவகாரம்.

இந்த அழைப்புகளின் பாரத்தை வேலை போனவர் ஒருவரே யாருக்கும் சொல்லாமல் சுமப்பதுதான் ஆபத்து. தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குத் தெரிந்தால்தான் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் போட முடியும். மனசு தாங்கவில்லை என்றால் 14416 அல்லது 104 எண்களில் எந்த நேரமும் பேசலாம்.

ஜெயிலுக்குப் போகணுமா?

கடன் கட்ட முடியாதது தனியாக ஒரு குற்றம் இல்லை, அது சிவில் பாக்கி. "போலீஸ் வருது, வாரண்ட் ரெடி" என்று வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்களில் பெரும்பாலானவை வெறும் மிரட்டல். ஆனால் செக் பவுன்ஸும், கணக்கில் பணமில்லாமல் திரும்பிய இசிஎஸ், நாச் தவணையும் குற்ற வழக்காக மாறலாம். வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த நாளில் இருந்து 15 நாளுக்குள் கட்ட அவகாசம் இருக்கிறது. அந்த நோட்டீஸை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது.

கோர்ட் டிகிரி வாங்கி ஜப்திக்கு வந்தாலும் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் தொழில் கருவிகள் ஆகியவற்றுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு விலக்கு தருகிறது. புது வேலை கிடைத்த பிறகும் சம்பளத்தில் முதல் ரூ.1,000-மும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் கைவைக்கக் கூடாதவை.

எல்லா வழியும் அடைபட்டால் கடைசியில் பேசப்படுவது 'மஞ்சள் நோட்டீஸ்'. அதாவது நொடிப்பு மனு. நிறுவனங்களுக்குப் புதிய திவால் சட்டம் வந்தாலும், தனிநபர்களுக்கு இன்னும் 1920-ம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான், சென்னையில் 1909-ம் ஆண்டுச் சட்டம். அடமானம் வைத்த வீட்டையும் நகையையும் இது காப்பாற்றாது. ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் அவமானம் பெரிது என்பதால் பலர் யோசிக்கவே பயப்படுகிறார்கள். வக்கீலிடம் கேட்டுப் பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

அந்த வக்கீலுக்குக் காசு எங்கே போவது? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவு இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்களைப் பட்டியலிடுகிறது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினரோடு, தொழிற்சாலைத் தொழிலாளர்களும் அதில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தாலுகா நீதிமன்ற வளாகங்களிலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசியில் 15100. லோக் அதாலத்தில் பேசி முடிக்கும் கடனுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, அங்கே முடிந்ததை மேல்முறையீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. போகும்போது பணிநீக்கக் கடிதம், கடைசி மூன்று சம்பள ரசீது, கடன் ஒப்பந்தம், இதுவரை வந்த நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். பிரிக்காமல் வைத்திருக்கும் தபால் உறைகளையும் சேர்த்துத்தான்.